கால்க் ஆபி போய் வந்தேன்: உரிந்த சுவரை உரிந்தபடியே காப்பாற்றுவது சரியா?

செண்பகம்

போன வாரக்கடைசியில் இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள கால்க் ஆபி என்ற பழைய மாளிகைக்குப் போய் வந்தோம். சாட்ஸ்வொர்த், பிளெனம் பற்றியெல்லாம் இங்கே ஏகப்பட்ட இழைகள் இருக்கின்றன. கால்க் பற்றித் தேடினேன், ஒன்றுகூட இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வெளியே நின்று பார்த்தால் மற்ற பிரபு மாளிகைகளைப் போலத்தான் இருக்கிறது. 1701லிருந்து 1704க்குள் சர் ஜான் ஹார்பர் என்பவர் கட்டிய கல் மாளிகை, நூறு வருடம் கழித்துச் சேர்த்த தூண் மண்டபம், சுற்றிலும் மான்கள் மேயும் பெரிய பூங்கா. உள்ளே நுழைந்து சில அறைகள் தாண்டும்வரைகூட பெரிய வித்தியாசம் தெரியாது, பாடம் செய்த மிருகத் தலைகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் பறவைகளும் கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே என்று தோன்றும், அவ்வளவுதான். மாடிக்கு ஏறியதும் நிலைமை வேறு. வால்பேப்பர் சுவரை விட்டுக் கழன்று தொங்குகிறது, சாயம் செதில் செதிலாக எழும்பி நிற்கிறது, ஒரு அறையில் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் போட்டிருக்கிறார்கள், பக்கத்து அறையில் இரும்புக் கட்டில், மான் கொம்பு, பொம்மை, பெட்டி, புத்தகம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. இது பராமரிக்கக் காசில்லாமல் விட்ட வீடு அல்ல. பழைய மாளிகைகளைக் காப்பாற்றும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் 1985ல் வீட்டை ஏற்றபோது உள்ளே எது எப்படிக் கிடந்ததோ அதை அப்படியே நிறுத்தி வைப்பது என்று யோசித்து முடிவெடுத்து, கூரையையும் கட்டுமானத்தையும் மட்டும் சரிசெய்து, 1989ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

குடும்பக் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். எலிசபெத் அரசி காலத்தில் ரிச்சர்ட் ஹார்பர் என்ற நீதிபதி சேர்த்த சொத்தில்தான் இந்தக் குடும்பம் எழுந்தது. 1622ல் ஹென்றி ஹார்பர் கால்க்கை வாங்கினார், நான்கு வருடத்தில் பாரோனெட் என்ற பரம்பரைப் பட்டமும் வந்தது. அதற்கு முன்னால் இந்த இடத்தில் அகஸ்டீனியத் துறவிகளின் சிறு மடம் ஒன்று இருந்தது, மற்றபடி பெயரில் இருக்கிற 'ஆபி' (பெரிய மடம்) 1808ல் ஏழாவது பாரோனெட் சர் ஹென்றி சூட்டியது. இந்த சர் ஹென்றி மனிதர்களையே கண்டு ஒதுங்கியவர். 1792ல் நானெட் ஹாக்கின்ஸ் என்ற பணிப்பெண்ணை மணந்துகொண்டார். ஊர் உலகம் அவர்களை ஒதுக்கியது, அவரும் உலகத்தை ஒதுக்கினார். பழைய பிரபுப் பட்டம் ஒன்றைத் திரும்பப் பெறலாம் என்ற எண்ணத்தில் க்ரூ என்று குடும்பப் பெயரை மாற்றினார், பட்டம் கிடைக்கவில்லை, பெயர் மட்டும் நின்றது. பிறகு வந்தவர்கள் இரண்டையும் சேர்த்து ஹார்பர் க்ரூ ஆனார்கள்.

அந்த ஒதுங்கும் குணம் இரண்டு தலைமுறை தாண்டி சர் வான்சியிடம் முழுதாக வந்து இறங்கியது. 1846ல் பிறந்து 1924ல் இறந்த இவர்தான் கடைசி பாரோனெட். பறவைகள், முட்டைகள், பட்டாம்பூச்சிகள் என்று சேகரித்துக்கொண்டே இருந்தார், ஒரு அறை நிரம்பினால் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனார். எஸ்டேட்டுக்குள் மோட்டார் கார் வரக்கூடாது என்று தடை. வீட்டுக்குள் இருக்கிற வேலைக்காரர்களிடமே கடிதம் எழுதிப் பேசுவார். மகள் ஏர்மின் சிகரெட் பிடித்ததைக் கண்டு வீட்டை விட்டே அனுப்பிவிட்டார். ஒரே மகன் அவருக்கு முன்பே இறந்துவிட, பட்டம் அவரோடு முடிந்தது. மூத்த மகள் ஹில்டா வரி கட்டுவதற்காகச் சேகரிப்பில் ஒரு பகுதியை விற்றார். 1949ல் ஹில்டாவின் சகோதரி மகன் சார்ல்ஸ் வாரிசாக வந்தார். மின்சாரம் இந்த வீட்டுக்கு வந்தது 1962ல்! 1981ல் சார்ல்ஸ் திடீரென்று இறந்தபோது தம்பி ஹென்றியின் தலையில் சுமார் 80 லட்சம் பவுண்டு வரி விழுந்தது, வட்டி மட்டும் ஒரு நாளைக்கு 1,500 பவுண்டு. அங்கிருந்துதான் வீடு டிரஸ்டுக்கு வந்த கதை தொடங்குகிறது.

ஒரு விஷயம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சீனப் பட்டில் பூவேலை செய்த திரைகளோடு ஒரு அரசக் கட்டில் அங்கே இருக்கிறது. 1734ல் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மகளுடைய திருமணத்தை ஒட்டி இந்தக் குடும்பத்து மருமகளுக்கு வந்த பரிசாக இருக்கலாம் என்கிறார்கள். அதைக் கட்டி நிறுத்தவே இல்லை. இருநூற்றைம்பது வருடம் பெட்டிக்குள் கிடந்தது, வெயில் படாததால் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. இப்போது கண்ணாடிக்குப் பின்னால் மங்கலான வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கருநீலமும் தந்த வெள்ளையும் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

என் கருத்து இதுதான்: பளபளவென்று தங்கம் பூசிய பத்து மாளிகைகள் சொல்லாததை இந்த ஒரு வீடு சொல்கிறது. இந்தக் குடும்பங்கள் எப்படி எழுந்தன என்பதை எல்லா வீடுகளும் காட்டுகின்றன, எப்படி முடிந்தன என்பதை கால்க் மட்டும்தான் மறைக்காமல் காட்டுகிறது. உங்களில் யாராவது போயிருக்கிறீர்களா? என்ன நினைத்தீர்கள்?

கரிசல்காடு

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் அக்கா, ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை, சண்டைக்காகச் சொல்லவில்லை, மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

கால்க்கைக் காப்பாற்ற 45 லட்சம் பவுண்டு அரசுப் பணம் ஒதுக்குவதாக நிதியமைச்சர் நைஜல் லாசன் அறிவித்தது 1984 மார்ச் மாத பட்ஜெட்டில். அதே மார்ச் மாதத்தில்தான் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. டார்பிஷயரே நிலக்கரி மாவட்டம். இலாபம் இல்லாத சுரங்கத்துக்கு ஒரு காசு தரமாட்டோம் என்று சொன்ன அதே அரசு, மூன்று நூற்றாண்டு குத்தகைப் பணத்தில் உட்கார்ந்து தின்ற ஒரு குடும்பத்தின் உடைந்த நாற்காலிகளுக்குப் பணம் கொடுத்தது. மூடிய சுரங்கத்தை "இருந்தபடியே" நிறுத்தி வைக்க யாராவது பட்ஜெட்டில் ஒதுக்கினார்களா?

இன்னொன்று, சிதைவைப் பார்த்து ரசிப்பதே எனக்கு ஒட்டவில்லை. ஏழையின் வீட்டுச் சுவர் உரிந்தால் அது வறுமை, பிரபு வீட்டுச் சுவர் உரிந்தால் பாரம்பரியமா?

ஏட்டுச்சுவடி

கரிசல், உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 45 லட்சம் குடும்பத்தின் பைக்குப் போகவில்லை, அதைத் தெளிவாக்கிவிடலாம். பராமரிப்புக்கான மூலதனம் இல்லாமல் டிரஸ்ட் எந்த வீட்டையும் ஏற்பதில்லை. வரிக்குப் பதிலாகக் குடும்பம் வீட்டையும் பூங்காவையும் உள்ளே இருந்த பொருட்களையும் விட்டுக்கொடுத்தது, அரசுப் பணம் தேசியப் பாரம்பரிய நினைவு நிதி வழியாக, வீடு நிலைக்க வேண்டும் என்பதற்காகப் போனது. ஹென்றிக்கு மிஞ்சியது அந்த வீட்டிலேயே ஒரு பகுதியில் குடியிருக்கும் உரிமை, 1991ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார்.

அந்த நிதியின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1946ல் தொழிற்கட்சி நிதியமைச்சர் ஹியூ டால்டன், போரில் எஞ்சிய தளவாடங்களை விற்ற பணத்திலிருந்து 5 கோடி பவுண்டை எடுத்து, போரில் இறந்தவர்கள் நினைவாக, நாட்டின் நல்ல இடங்கள் மக்களுக்கே சேர வேண்டும் என்று ஒரு நில நிதி அமைத்தார். பின்னால் வந்த அரசுகள் அதைப் பெரும்பாலும் கரைத்துவிட்டன. 1974ல் ரோஸ்பெரி பிரபு இறந்ததும் மென்ட்மோர் என்ற ரோத்ஸ்சைல்ட் மாளிகையைப் பொருட்களோடு சேர்த்து 20 லட்சம் பவுண்டுக்கு அரசுக்குத் தர வாரிசு முன்வந்தார், அரசு மறுத்தது. 1977ல் பொருட்கள் மட்டும் ஏலத்தில் 60 லட்சத்துக்கு மேல் போயின, நாலா திசையிலும் சிதறின. காலி வீட்டை அடுத்த வருடம் மகரிஷி மகேஷ் யோகியின் அமைப்பு வாங்கியது. அந்த அவமானத்தில்தான் 1980ல் பழைய நிதியை நினைவு நிதியாகத் திருத்தி அமைத்தார்கள். கால்க் விஷயத்தில் பத்திரிகைகளும் பாரம்பரிய ஆர்வலர்களும் அத்தனை தீவிரமாக நின்றதற்கு மென்ட்மோர் பட்ட சூடுதான் காரணம்.

20ஆம் நூற்றாண்டில் மட்டும் இங்கிலாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகள் இடிக்கப்பட்டன. 1870களில் தானிய விலை விழுந்து குத்தகை வருமானம் போனது, 1894ல் வாரிசு வரி வந்தது, முதல் போரில் வாரிசுகள் செத்தார்கள், இரண்டாம் போரில் ராணுவம் வந்து தங்கிச் சிதைத்தது, 1949ல் மிகப் பெரிய சொத்துகளுக்கு வரி 80 சதவீதம் ஆனது. ஹில்டா இறந்ததும் அதே 1949ல்தான் என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் ஈயக் கூரையையும் மரப் பலகைகளையும் விற்றுவிட்டு வெளியேறின. ஹார்பர் க்ரூக்கள் வெளியேறவில்லை, கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு உள்ளேயே சுருங்கினார்கள். அதனால்தான் எல்லாம் மிஞ்சியது.

மீன்கொத்தி

நான் போனது பறவைகளுக்காக, உயிரோடு இருப்பவற்றுக்காக. உள்ளே இருக்கிற சேகரிப்பு எனக்கு வருத்தம் தந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காலத்துப் பறவை ஆர்வலர் கையில் துப்பாக்கிதான் இருந்தது. அரிதான பறவை ஒன்று கண்ணில் பட்டால் அதைச் சுட்டுப் பாடம் செய்து லேபிள் ஒட்டுவதுதான் அவர்களுக்கு ஆராய்ச்சி. சர் வான்சிக்குத் தலைமை வேட்டைக் காவலராக இருந்த அகத்தோஸ் பெக் அவரோடு சேர்ந்து சேகரித்தார். மகள்களிடம் பேசியதைவிட இந்தக் காவலரிடம் அதிகம் பேசியிருப்பார் என்றே நினைக்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒவ்வொரு பறவைக்கும் அது வாழ்ந்த இடம் மாதிரியே புல், கல், மண் எல்லாம் வைத்து அலங்கரித்த அக்கறையைப் பார்க்கும்போது, இந்த மனிதர் இவற்றை நேசித்தார் என்பதும் தெரிகிறது, கொன்றார் என்பதும் தெரிகிறது. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் பூங்காவைப் பற்றி யாரும் பேசவில்லையே! கால்க் பூங்கா தேசிய இயற்கைக் காப்பகம். நூற்றுக்கணக்கான வருட ஓக் மரங்கள், அதில் ஒன்று ஆயிரம் வருடத்துக்கு மேல் என்கிறார்கள். பட்ட மரத்தை வெட்டி அப்புறப்படுத்தாமல் நின்றது நின்றபடி, விழுந்தது விழுந்தபடி விட்டிருக்கிறார்கள். உளுத்த மரத்தில் மட்டுமே வாழக்கூடிய அபூர்வ வண்டுகளுக்கு இங்கிலாந்தில் மிக முக்கியமான இடங்களில் இது ஒன்று. மற்ற எஸ்டேட்டுகளில் ஒழுங்கு, அழகு என்று காய்ந்த மரங்களையெல்லாம் அகற்றிவிட்டார்கள், இங்கே குடும்பம் எதையும் தொடாமல் விட்டதால் அந்த வண்டுகள் பிழைத்தன. கரிசல் கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லைதான். ஆனாலும் தொடாமல் விடுவதில் எது பிழைக்கிறது என்று எண்ணிப் பார்க்க இது ஒரு நல்ல இடம்.

தச்சன்மகன்

நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன், அதனால் செய்முறையைப் பற்றிச் சொல்கிறேன்.

"அப்படியே விட்டுவிட்டார்கள்" என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். அப்படியே விட்டால் பத்து வருடத்தில் வீடே இருக்காது. ஈயக் கூரையில் ஓட்டை, வழியும் தண்ணீர், சுவருக்குள் பூஞ்சை பிடித்து உத்திரங்களைத் தின்றுகொண்டிருக்கும். கால்க்கில் செய்தது என்னவென்றால், ஒவ்வொரு அறையிலும் எந்தப் பொருள் எந்த மூலையில் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பதைப் படமெடுத்துப் பட்டியல் போட்டு, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கூரை, உத்திரம், கல் வேலை எல்லாம் முடித்து, பிறகு அதே பொருளை அதே இடத்தில் திரும்ப வைத்தார்கள். உரிந்த சாயத்தை அப்படியே பிடித்து நிறுத்துவதற்கு, ஒவ்வொரு செதிலுக்கும் பின்னால் நுண்ணிய தூரிகையால் பசை விட்டு ஒட்ட வேண்டும். சுரண்டிவிட்டுப் புதுச் சாயம் அடிப்பது இதைவிட எவ்வளவோ சுலபம், மலிவும்கூட.

அப்புறம் ஈரப்பதம். இந்த மாதிரி வீடுகளில் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், ரொம்பக் குறைந்தால் மரச் சாமான் வெடிக்கும். அதனால் டிரஸ்ட் வீடுகளில் ஹீட்டரை மனிதர்களுக்காகப் போடுவதில்லை, பொருட்களுக்காகப் போடுகிறார்கள். குளிர்கிறது என்று விமர்சனம் எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிச்சமும் அப்படித்தான், பட்டுக்கும் நீர்வண்ண ஓவியத்துக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுதான் தாங்கும். செண்பகம் அக்கா சொன்ன கட்டில் இருநூற்றைம்பது வருடம் தப்பியது இருட்டில் கிடந்ததால், இன்னும் தப்ப வேண்டுமானால் இருட்டில்தான் இருக்க வேண்டும்.

ஆக, கரிசல் அண்ணா, அங்கே நாம் பார்ப்பது சிதைவை அல்ல. சிதைவு 1985ல் நின்றுவிட்டது. நாம் பார்ப்பது வேலை, தினமும் யாரோ செய்கிற, கண்ணுக்குத் தெரியாத வேலை.

கரிசல்காடு

இந்த விளக்கம் எனக்குப் பிடித்தது, நன்றி. ஆனால் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத வேலை என்று நீங்கள் சொன்னதும் எனக்கு அங்கே உள்ள சுரங்கப்பாதைகள்தான் ஞாபகம் வந்தன (நானும் ஒருமுறை போயிருக்கிறேன்). தோட்டக்காரர்கள் நடமாடுவது குடும்பத்தின் கண்ணில் படக்கூடாது என்று தரைக்கு அடியில் வழி. பீர் காய்ச்சும் கட்டடத்திலிருந்து வீட்டு நிலவறைக்கு இன்னொரு வழி. அந்தக் குளிர்ந்த செங்கல் பாதையில் நடந்தபோது, மேலே இருக்கிற பறவைப் பெட்டிகளைவிட இதுதான் அந்தக் குடும்பத்தை எனக்குச் சரியாக அறிமுகப்படுத்தியது. செண்பகம் அக்கா எழுதியதில் நீதிபதியிலிருந்து ஹென்றிவரை குடும்பம் முழுதும் வந்துவிட்டது, பக்கத்து டிக்னால் கிராமத்தில் சுண்ணாம்புக் கல் உடைத்தவர்கள் ஒரு வரிகூட வரவில்லை. எஸ்டேட் வருமானத்தில் அந்தச் சுண்ணாம்புக் குழிகளுக்கும் பங்கு உண்டு. கல்லை எடுத்துப் போன டிராம் பாதைக்காகப் பூங்காவின் நடைபாதைக்கு அடியிலேயே ஒரு சுரங்கம் வெட்டினார்கள், அதுவும் பார்வைக்குத் தெரியாமல் இருக்கத்தான்.

வீட்டைக் காப்பாற்றியதை இனி எதிர்க்க மாட்டேன். யாருடைய வீடு என்று சொல்லும்போது யாரைச் சேர்க்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

நிலாமுற்றம்

இந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே இன்னொரு வீடு இருக்கிறது, கால்க்கிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்துக்குள், கெடில்ஸ்டன் ஹால். கர்சன் குடும்பத்து வீடு. நம் பாடப் புத்தகத்தில் 1905ல் வங்காளத்தைப் பிரித்தாரே, அதே கர்சன். பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து அந்த நிலத்தில் இருக்கிற குடும்பம். 1759ல் நத்தானியல் கர்சன் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கினார், கட்டடக் கலைஞர்கள் ஒருவர் மாற்றி ஒருவராக மூன்று பேர், கடைசியில் ராபர்ட் ஆடம். உள்ளே 20 அலபாஸ்டர் கல் தூண்களோடு ஒரு கூடம். காட்சிக்கு இடைஞ்சல் என்று கிராமத்தையே பெயர்த்து வேறிடத்துக்கு அனுப்பினார்கள், தேவாலயத்தை மட்டும் விட்டார்கள். சாமுவேல் ஜான்சன் வந்து பார்த்துவிட்டு, இது ஒரு நகர மண்டபத்துக்கு நன்றாகப் பொருந்தும் என்றாராம்.

அந்த வீட்டின் வரைபடத்தை மாதிரியாக வைத்துத்தான் 1799 முதல் 1803 வரை வெல்லெஸ்லி கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலின் மாளிகையைக் கட்டினார். நூறு வருடம் கழித்து, 1899ல், கெடில்ஸ்டனில் பிறந்த ஜார்ஜ் கர்சன் வைஸ்ராயாகக் கல்கத்தா போய், தான் பிறந்த வீட்டின் சாயலில் இருந்த மாளிகையிலேயே குடியேறினார். ஆசியாவில் சேர்த்த பொருட்களில் ஒரு பகுதி இப்போது கெடில்ஸ்டனின் கீழ்த் தளத்தில் தனி அருங்காட்சியகமாக இருக்கிறது. 1903 டெல்லி தர்பாரில் அவர் மனைவி மேரி அணிந்த மயில் உடுப்பும் அங்கேதான். துணி முழுதும் மயில் தோகை வடிவில் ஜரிகை வேலை, ஒவ்வொரு கண்ணிலும் வண்டின் பச்சைச் சிறகு. பாரிஸில் தைத்த உடை, ஆனால் அந்த ஜரிகை வேலை முழுதும் இந்தியக் கைவினைஞர்களுடையது. வடிவமைத்த பாரிஸ் நிறுவனத்தின் பெயரை எல்லாரும் சொல்கிறார்கள். ஊசி பிடித்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நான் நெடுநேரம் நின்றேன்.

2020ல் நேஷனல் டிரஸ்ட் தன் வசமுள்ள 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடும் காலனி ஆட்சியோடும் உள்ள தொடர்பை அறிக்கையாக வெளியிட்டபோது எவ்வளவு கூச்சல் எழுந்தது என்று நினைவிருக்கும். என்னைக் கேட்டால் அந்த அறிக்கை எப்போதோ வந்திருக்க வேண்டியது. அழகைக் காட்டிவிட்டுப் பணம் வந்த வழியைச் சொல்லாமல் அனுப்புவது பார்க்க வருகிறவர்களை மதிக்காத செயல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கர்சன் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. 1904ல் இந்தியாவில் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தவர் அவர், தொல்லியல் துறைக்குப் புது உயிர் கொடுத்தவரும் அவர். இங்கிலாந்து திரும்பியதும் இடியவிருந்த டாட்டர்ஷால், போடியம் என்ற இரண்டு கோட்டைகளைச் சொந்தப் பணத்தில் வாங்கிச் சரிசெய்து டிரஸ்டுக்கு எழுதி வைத்தார். வங்காளத்துக்குச் செய்ததை இது ஒன்றும் ஈடு செய்யாது. ஆனால் பழைய கட்டடம் என்பது வாரிசுக்கு மட்டும் சொந்தமல்ல என்ற எண்ணத்தை வளர்த்ததில் இவருக்கும் பங்கு உண்டு.

வேப்பமரத்தடி

எல்லாருக்கும் வணக்கம், இழையைப் படித்துவிட்டு ஒரு சொந்த விஷயம் கேட்க வந்தேன். என் மனைவி ஆங்கிலேயர், அவருடைய கொள்ளுப் பாட்டி திருமணத்துக்கு முன் கால்க்கில் வேலை பார்த்ததாக அவர்கள் வீட்டில் சொல்வார்கள். சமையலறை வேலை என்று ஒருவர், தையல் வேலை என்று இன்னொருவர். அவருடைய திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் ஊரும் தெரியும். மாமியாருக்கு வயதாகிவிட்டது, அவர் இருக்கும்போதே உறுதிப்படுத்திக் கொடுக்க ஆசை. எங்கே தேடுவது?

ஏட்டுச்சுவடி

கட்டாயம் தேடலாம், நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841லிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு வீட்டிலும் அந்த இரவில் யார் யார் இருந்தார்கள், வயது, வேலை, 1851லிருந்து பிறந்த ஊர் எல்லாம் பதிவாகியிருக்கிறது. நூறு வருடம் கழித்துத்தான் வெளியிடுவார்கள், 1921 கணக்கெடுப்பு 2022 தொடக்கத்தில் வந்தது. கால்க் வீட்டுப் பதிவை எடுத்து வேலைக்காரர் வரிசையைப் பாருங்கள். அந்த ஒரு இரவில் அவர் லீவில் ஊருக்குப் போயிருந்தால் பெயர் வராது, அதனால் இல்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். 1931 ஏடுகள் 1942ல் நடந்த தீவிபத்தில் அழிந்துவிட்டன, ஆகவே அடுத்து, போர் தொடங்கியதும் எடுத்த 1939 மக்கள் பதிவேடுதான்.

இரண்டாவது, மாட்லாக்கில் உள்ள டார்பிஷயர் ஆவணக் காப்பகம். ஹார்பர் க்ரூ குடும்பத்தின் எஸ்டேட் ஆவணங்கள் பெருமளவில் அங்கேதான் இருக்கின்றன. இந்தக் குடும்பம் நாற்காலியைத் தூக்கிப் போடாதது போலவே காகிதத்தையும் தூக்கிப் போடவில்லை, அது நம் அதிர்ஷ்டம். முதலில் இணையத்தில் அவர்கள் பட்டியலைப் பார்த்து, கணக்குப் புத்தகம், சம்பளப் பதிவு என்று எது உங்கள் பாட்டியின் காலத்துக்கு ஒத்துவருகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். அடையாள அட்டை மறக்க வேண்டாம், பென்சில்தான் அனுமதி.

பெயர் எழுத்துப்பிழையோடு இருக்கும் என்று எதிர்பார்த்தே தேடுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று விதமான எழுத்து இருப்பது சகஜம். டிக்னால் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகளையும் ஒரு கை பார்த்துவிடுங்கள், அந்த வீட்டில் வேலை செய்தவர்கள் பலர் சுற்றுக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள்தான்.

செண்பகம்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி.

கரிசல், உங்கள் கேள்விக்கு என் பதில் இது. கீழ்த் தளத்தில் பழைய சமையலறையைப் பார்த்தீர்களா? 1920களில் மூடிவிட்டார்கள், அடுப்பும் மேசையும் அலமாரியும் அன்று நின்ற இடத்திலேயே நிற்கின்றன. மற்ற மாளிகைகளில் சமையலறையைப் பளபளவென்று துலக்கி, செப்புப் பாத்திரங்களை வரிசையாக மாட்டி, மெழுகு ரொட்டியும் பிளாஸ்டிக் காய்கறியும் வைத்துக் காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அங்கே யாரும் வியர்த்ததாகவே தெரியாது. கால்க்கில் அந்தப் புகை படிந்த சுவரைப் பார்த்தால் தெரிகிறது. வரவேற்பறையைத் துலக்கியிருந்தால் இந்தச் சமையலறையையும் துலக்கியிருப்பார்கள், அப்போது வேப்பமரத்தடி சொல்கிற அந்தக் கொள்ளுப் பாட்டி நின்ற இடமும் போயிருக்கும். அதனால்தான் தொடாமல் வைத்ததை இவ்வளவு பிடிவாதமாக ஆதரிக்கிறேன். ஆனால் கல் உடைத்தவர்களைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, டிக்னால் சுண்ணாம்புக் குழிகளைப் பார்க்காமல் கால்க்கைப் பார்த்ததாகக் கணக்கில் வைக்கக் கூடாது. இப்போது அவை காடு மண்டி நடைபாதையாகிவிட்டன, கிராமத்திலிருந்து நடந்தே போகலாம்.

போக நினைப்பவர்களுக்கு: கார் இருந்தால்தான் வசதி. நாங்கள் போனபோது வீட்டுக்குள் போக நேரம் குறித்த சீட்டு தந்தார்கள், அதனால் கிளம்புவதற்கு முன் டிரஸ்ட் இணையதளத்தில் வீடு அன்று திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பூங்கா மட்டும் திறந்திருக்கும் நாட்களும் உண்டு. பல அறைகளில் விளக்கு வெளிச்சம் குறைவு, மேகமூட்டமான நாளில் மாடி அறைகளில் பாதி தெரியாது. மாடிக்குப் படிகள் மட்டும்தான், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். உள்ளே நிற்கிற தன்னார்வலர்களிடம் பேச்சுக் கொடுங்கள். எங்களுக்கு வாய்த்தவர், சார்ல்ஸும் ஹென்றியும் அந்த வீட்டில் இருந்ததைச் சின்ன வயதில் பார்த்த உள்ளூர்க்காரர், எந்தப் பலகையிலும் எழுதாத விஷயங்களைச் சொன்னார்.

கரிசல்காடு

சரி அக்கா, அந்தச் சமையலறை விஷயத்தில் என்னைச் சாய்த்துவிட்டீர்கள். நான் போனபோது கூட்டம் அதிகம், அங்கே நின்று பார்க்க விடவில்லை. அடுத்த முறை டிக்னால் குழிகளிலிருந்து நடக்கத் தொடங்கி, டிராம் பாதை வழியாகப் போய், வீட்டைக் கடைசியாகப் பார்க்கப் போகிறேன். வரிசையை அப்படி மாற்றிப் பார்த்தால் வீடு எப்படித் தெரிகிறது என்று தெரிய வேண்டும்.

நிலாமுற்றம்

கெடில்ஸ்டனையும் அதே நாளில் சேர்க்காதீர்கள், இரண்டும் அரைகுறையாகிவிடும். கெடில்ஸ்டன் போனால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய தேவாலயத்துக்குள்ளும் போங்கள், பல நூற்றாண்டு கர்சன்கள் அங்கே கல்லாகக் கிடக்கிறார்கள். மேரியும் ஜார்ஜும் வெள்ளைப் பளிங்கில் பக்கம் பக்கமாக. கிராமம் முழுதும் போன பிறகு அந்தத் தேவாலயம் மட்டும் ஏன் நிற்கிறது என்பது உள்ளே போனால் புரியும்.

வேப்பமரத்தடி

ஏட்டுச்சுவடி ஐயா, மிக்க நன்றி. 1911 பதிவை இப்போதுதான் எடுத்துப் பார்த்தோம், வீட்டு வேலைக்காரர் வரிசையில் அதே முதற்பெயர், ஒத்துவரும் வயது, பிறந்த ஊரும் சரி, குடும்பப் பெயரில் மட்டும் ஒரு எழுத்து வித்தியாசம். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. மாட்லாக் காப்பகத்துக்கு முன்பதிவு போட்டாயிற்று, சம்பளக் கணக்கில் பெயர் கிடைத்தால் இங்கேயே வந்து எழுதுகிறேன்.